பினாயிலுக்கு ஒரு வீடு

அருவருப்பு ஒரு நாளும் குறையாமல், முப்பத்தோரு வருஷம் மற்றவர்களின் புண்ணை ஒருத்தி கழுவிக்கொண்டே இருக்க முடியுமா? எப்சிபாவை அறிந்தவர்களுக்குள் இந்தக் கேள்வி எப்போதாவது எழாமல் இருந்ததில்லை.

மாட்டுப்பட்டிக்கு மேலே இருக்கும் ஒரு தேயிலைத் தோட்டத்தின் டிஸ்பென்சரியில் அவள் உதவியாளர். கவாத்துக் கத்தி பட்ட கால், அட்டை கடித்துச் சொறிந்து சீழ் வைத்த கணுக்கால், வெந்நீர் கொட்டிய குழந்தையின் முதுகு, எல்லாம் முதலில் அவள் கைக்குத்தான் வரும். இந்த வேலையில் இருப்பவர்களுக்கு இரண்டு வருஷத்தில் மூக்கு மரத்துப்போகும் என்பார்கள். அவளுக்கு மரத்துப்போகவில்லை. கட்டைப் பிரிக்கும்போதே முகம் கோணிவிடும். உதட்டை உள்ளே இழுத்துக்கொண்டு, தலையை ஒரு பக்கம் திருப்பி, கண்ணை மட்டும் புண்ணில் வைத்து வேலை செய்வாள். முடிந்ததும் பின்பக்கக் குழாயடிக்குப் போய்க் காறித் துப்புவாள். சில நாள் வாந்தியும் உண்டு.

வந்தவர்களுக்கு இது அவமானமாக இருந்தது. "எங்களத் தொட அவளுக்கு அசிங்கமா இருக்கு" என்று மேனேஜர் வரைக்கும் ஒரு முறை புகார் போனது. புகார் சொன்ன அதே பெண் அடுத்த வருஷம் கால் வெட்டிக்கொண்டு வந்தபோது, கம்பவுண்டரைக் கிட்டே விடாமல் எப்சிபா வரும்வரை காத்திருந்தாள். எப்சிபா கழுவிய புண் மறுபடி சீழ் வைக்காது. அழுக்கு ஒரு பொட்டு மிச்சம் இருந்தாலும் அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்காது, அவ்வளவுதான். அவளை நல்லவள் என்று சொல்ல, தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் யாருக்கும் தோன்றியதில்லை. அவளும் எதிர்பார்க்கவில்லை.

கணவர் இறந்து ஒன்பது வருஷம். மகள் ஞானஜோதி பொள்ளாச்சியில் ஒரு அடுக்குமாடி வீட்டில் குடும்பத்தோடு இருந்தாள். அந்த வருஷம் மே மாதத்தோடு எப்சிபாவுக்கு வேலைக்காலம் முடிகிறது. முடிந்தால் லயத்து வீட்டைத் தோட்டத்துக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டு மகளிடம் போக வேண்டும். அந்த நிலையில்தான், ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயில் ஆராதனை முடிந்து வந்து சேலை மாற்றிக்கொண்டிருந்தவளைத் தேடி நாய் வந்தது.

கொண்டுவந்தவள் நிமி. மூணாறில் ஒரு டிராவல்ஸ் அலுவலகத்தில் வேலை பார்க்கும் பெண். நான்கு சிநேகிதர்களோடு சேர்ந்து தெருநாய்களைக் காப்பாற்றும் குழு ஒன்று வைத்திருந்தாள். காய்கறித் தோட்டத்தில் காட்டுப்பன்றிக்கு யாரோ வைத்த கண்ணியில் நாய் மாட்டியிருந்தது. பைக்கின் பிரேக் கம்பியால் செய்த சுருக்கு அது. நாய் கம்பியை அறுத்துக்கொண்டு ஓடிவிட்டது. ஆனால் இடுப்பில் விழுந்த சுருக்கு அப்படியே இருந்தது. எத்தனை நாள் அலைந்ததோ, கம்பி தோலுக்குள் இறங்கி, மேலே சதை மூடி, உள்ளே புழு வைத்திருந்தது. கால்நடை ஆஸ்பத்திரி பூட்டியிருந்ததால் நேரே டிஸ்பென்சரிக்கு வந்து எப்சிபாவுக்கு ஆள் அனுப்பினாள்.

நாயைச் சுற்றியிருந்த சாக்கை விலக்கியதும் அடித்த நாற்றத்தில் எப்சிபா இரண்டடி பின்னால் போனாள்.

"ஆன்ட்டி, பாவம் ஆன்ட்டி. எப்படியாவது பாருங்க."

"பாவமெல்லாம் அப்புறம் பேசிக்கிடலாம். மொதல்ல வாயக் கட்டு. அதோட வாயச் சொன்னேன். ஒன் வாயயும் சேத்துக் கட்டுனா நல்லதுதான்."

கம்பவுண்டர் கதவருகில் நின்று தலையைச் சொறிந்தார். "மனுசனுக்கு வந்த டர்பென்டைன நாய்க்கு ஊத்துறீங்களே எப்சிபா, ரெஜிஸ்டர்ல யார் பேர எழுத?"

"ஒங்க பேர எழுதுங்க. ஒங்களுக்கும் ரொம்ப நாளா ஏதோ அரிக்குதுன்னுதான சொல்லுதீங்க."

குழாயடியில் வைத்து மயிரைக் கத்தரித்தாள். குறட்டால் கம்பியை வெட்டி எடுத்தாள். டர்பென்டைனில் கற்பூரத்தைக் கரைத்து ஊற்றியதும் புழுக்கள் நெளிந்து நெளிந்து மேலே வந்தன. இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்துப் பழைய மருந்துத் தட்டில் போட்டாள். பாதியில் எழுந்துபோய் வாந்தி எடுத்துவிட்டு, வாய் கொப்பளித்துவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தாள். நிமிர்ந்தபோது நிமி போனைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"அந்தப் போன உள்ள வைட்டி. இல்லேன்னா இந்தா இடுக்கி, நீ எடு புழுவ."

நிமி போனை வைத்தாள். இடுக்கியை வாங்கவில்லை. பத்து நாள் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், அதற்குள் ஒரு நல்ல வீடு பிடித்துவிடுகிறேன் என்றாள். அவள் அறையெடுத்துத் தங்கும் வீட்டில் நாய்க்கு அனுமதி இல்லை. குழுவில் மற்ற நான்கு பேர் வீட்டிலும் இடமில்லை. காப்பாற்றுவதற்கு ஐந்து பேர் இருந்தார்கள், வைத்துக்கொள்வதற்கு ஒருவர்கூட இல்லை. எப்சிபா இதை முகத்துக்கு நேரே சொன்னாள். சொல்லிவிட்டு, புண்ணைப் பாதியில் விட முடியாது என்பதால் நாயைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போனாள்.

பத்து நாள் நான்கு மாதம் ஆனது.

நாய் வளர்ப்பவர்கள் முகத்தில் தெரியும் குழைவு எதையும் அவளிடம் யாரும் பார்க்கவில்லை. ஈர நாயின் வாடை அவளுக்குக் குமட்டியது. அது சாணியைத் தின்றுவிட்டு வந்து கையை நக்க நெருங்கும்போது, "சீ, போ அங்கிட்டு" என்று கத்துவது நான்கு வீடு தள்ளிக் கேட்கும். வெறுங்கையால் அதைத் தொட்டதில்லை. கணவரின் பழைய காலுறையைக் கையில் மாட்டிக்கொண்டு துடைப்பாள். வாசலைக் காலையும் மாலையும் பினாயில் ஊற்றிக் கழுவுவாள். கழுவிய இடத்திலேயே நாய் படுக்கும். அதனால் அதன் மேலும் பினாயில் வாடை ஏறி, லயத்துப் பிள்ளைகள் அதற்குப் பினாயில் என்றே பேர் வைத்துவிட்டார்கள். நிமி போனில் போட்ட படத்தின் கீழ் 'லூனா' என்று இருந்தது. எப்சிபா எந்தப் பேரும் சொல்லவில்லை. "ஏ நாயே" என்றுதான் கூப்பிட்டாள். ஆனால் ஆறாவது வாரத்தில் புண் மூடிவிட்டது. இடுப்பைச் சுற்றி மயிர் முளைக்காத இளஞ்சிவப்பு வளையம் ஒன்று மட்டும் நின்றது.

நிமி போட்ட படத்தைப் பார்த்துப் போன் வர ஆரம்பித்தது. நிமி எல்லோருக்கும் எப்சிபாவின் எண்ணைக் கொடுத்திருந்தாள். முதல் ஆள் என்ன ஜாதி நாய் என்று கேட்டார். அடுத்தவர் பெட்டை என்றதும் வைத்துவிட்டார். குட்டி போடாமல் ஆபரேஷன் செய்தாயிற்று என்று சொல்ல அவர் இடம் தரவில்லை. இடுப்பில் இருக்கும் தழும்பு தெரியாமல் சட்டை போட்டுவிடலாமா என்று ஒரு பெண் கேட்டாள். கூடாரம் போட்டு ஆள் தங்கவைக்கும் ஒருவன், சீசன் முடியும்வரை மட்டும் வேண்டும் என்றான். விருந்தாளிகள் படம் எடுக்க நாய் இருந்தால் நல்லதாம்.

"சீசன் முடிஞ்சா?"

"விட்டுருவோம் சேச்சி. அது எப்படியும் பிழைச்சுக்கும்."

அன்றைக்கு அவள் போனையே டெட்டால் பஞ்சால் துடைத்தாள். இந்த நாய்க்கு நல்ல இடம் ஒன்று அமைவது அதன் பிறகு அவளுக்கு ஒரு பிடிவாதம் ஆகிவிட்டது. மே முடிவதற்குள் அமைய வேண்டும். அமையாவிட்டால், லயத்தில் விட்டுப்போகும் நாய்க்கு என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். இரவில் சிறுத்தை லயத்து வாசல் வரைக்கும் வந்துபோகும் ஊர் அது.

ஏப்ரலில் சங்கையா கேட்டார். மேல் லயத்துக்காரர். இரண்டு கறவை வைத்திருந்தார். பதினோரு வருஷமாக எப்சிபா வீட்டுக்கு அவர் பால்தான். கணவர் இறந்த அன்று, மழையில் வண்டி ஏறாத சரிவில் சவப்பெட்டியின் முன்பக்கத்தைத் தோளில் வாங்கியவர். சொந்தம் இல்லாவிட்டாலும் அவளை மதினி என்றுதான் கூப்பிடுவார்.

"பினாயில எனக்குத் தாங்க மதினி. தொழுவத்துக்குக் காவலாப் போட்டுக்கிடுதேன். தெனமும் அதுக்குப் பால் ஊத்துதேன், தண்ணி கலக்காத பாலு."

"அப்ப எனக்குத் தண்ணி கலந்தது. ஒத்துக்கிட்டயா? பதினோரு வருசமா மாட்டுப்பட்டி டேமத்தான் குடிச்சிட்டு இருக்கேன்."

"டேம் தண்ணி ஒடம்புக்கு நல்லது மதினி, கரண்டுல்லா எடுக்கான் அதுல!"

அவள் சிரித்தாள். நாய்க்கும் அவரைப் பிடித்திருந்தது. அவர் வரும் சத்தம் கேட்டாலே வால் ஆடும். நிமியிடம் இடம் கிடைத்துவிட்டது என்று சொல்லிவிட்டாள். கொடுப்பதற்கு முன் ஒரு முறை இடத்தைப் பார்த்துவிடுங்கள், எங்கள் குழுவில் அது வழக்கம் என்றாள் நிமி. சங்கையா தொழுவத்தைப் போய்ப் பார்ப்பதா என்று எப்சிபாவுக்குச் சங்கடமாகக்கூட இருந்தது. ஆனாலும் ஒரு மத்தியானம் போனாள்.

தொழுவம் சுத்தமாகவே இருந்தது. நாய் கட்டும் இடம் எங்கே என்று கேட்டாள். சங்கையா தொழுவத்தைத் தாண்டிக் கூட்டிப்போனார். முப்பதடி தள்ளி, சோலைக்காடு தொடங்கும் இடத்தில், ஒரு இரும்பு முளை அடித்திருந்தது. அதில் மூன்று முழம் சங்கிலி. கூரை இல்லை. முளையைச் சுற்றிப் புல் தேய்ந்து வட்டமாக மண் தெரிந்தது.

"இங்கயா? தொழுவம் அங்க இருக்கு?"

"அங்கிட்டு இருந்துதான மதினி வரும்."

"என்னது வரும்?"

"என்ன தெரியாத மாதிரிக் கேக்கீங்க. சிறுத்தப் புலிதான். வந்தா மொதல்ல இது கண்ணுல படும். இதத் தூக்கிட்டுப் போயிரும். பெறகு ரெண்டு மூணு மாசத்துக்கு மாட்டுப் பக்கம் வராது."

"காவல்னு சொன்னயே."

"இதுவும் காவல்தான மதினி." அவர் குரலில் கள்ளம் எதுவும் இல்லை.

தொழுவத்தின் சுவரில் ஓர் ஆணியில் ஐந்து கழுத்துப்பட்டைகள் தொங்கின. ஒன்றில் சிறிய மணி இருந்தது. "பெல்ட்ட விட்டுட்டுத்தான் போகும். நல்ல பெல்ட்டு, தூரப் போட மனசு வரல" என்றார் சங்கையா. அவற்றோடு கடைசியாகத் தொங்கியது பட்டை அல்ல. காயத்துக்குக் கட்டும் துணிச்சுருளை மூன்று புரியாகப் பின்னிய கயிறு. எப்சிபா அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"அது ஒங்களுதுதான் மதினி. ஆறு வருசம் இருக்குமா? டிஸ்பென்சரி வராண்டாவுல ஒரு செவலக் குட்டி வந்து படுத்துக் கெடந்துச்சே. நாறுது, கொண்டு போய்த் தொலைன்னு நீங்கதான பிடிச்சுத் தந்தீங்க."

தந்தாள். கயிற்றைப் பின்னியதும் அவள்தான். அதன் பிறகு அந்தக் குட்டி எங்கே என்று ஒரு நாளும் கேட்கவில்லை. சங்கையாவின் வீட்டில் நாய் மாறிக்கொண்டே இருப்பதை லயத்தில் எல்லோரும் பார்த்தார்கள், அவளும் பார்த்தாள். பால் தூக்கோடு வாசலில் நிற்பவரிடம் கேட்க வேண்டியது எதுவும் இருப்பதாக யாருக்கும் படவில்லை.

சங்கையா அவள் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ரெண்டு மாடும் போச்சுன்னா நான் எங்க போவேன் மதினி? ஃபாரஸ்ட்டுக்காரன் வருவான், போட்டோ எடுப்பான், போவான். நான் எதையும் பட்டினி போட்டதில்ல. இருக்கிற வரைக்கும் வயிறு நெறையத்தான் போட்டேன். மாடா நாயான்னு வந்தா, நீங்க எதச் சொல்லுவீங்க?"

கொடுமைக்காரனாக இருந்தால் ஏசிவிட்டு வந்திருக்கலாம். அவர் அப்படிப்பட்டவர் இல்லை என்பதுதான் அவளுக்குக் குமட்டியது. அந்த வட்ட மண்ணில் நாயைக் கட்டிக் காத்த மாட்டின் பாலைத்தான் பதினோரு வருஷம் காய்ச்சிக் குடித்திருக்கிறோம் என்று தோன்றியது. தொழுவத்தின் பின்னால் போய் வாந்தி எடுத்தாள். சங்கையா செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். வாங்கிக் கொப்பளித்துவிட்டு இறங்கி வந்தாள். மறுநாளிலிருந்து அவள் வீட்டில் பால் ஊற்றாத கட்டன் சாயா. கேட்டவர்களுக்குப் பால் ஒத்துக்கொள்ளவில்லை என்றாள்.

மே கடைசி வாரத்தில் நிமி இரண்டு இடங்களோடு வந்தாள். ஒன்று காந்தலூரில், ஜோஸ், லிஜி என்ற தம்பதியின் வீடு. பழத்தோட்டம் வைத்திருப்பவர்கள். நிமியே இரண்டு முறை போய்ப் பார்த்துவிட்டாள். மற்றது பாலக்காட்டுக்குக் கிழக்கே கொழிஞ்சாம்பாறைப் பக்கம், மருதாத்தாள் என்ற பெண்.

"அவங்க வேண்டாம் ஆன்ட்டி. கோழிக்கடை வச்சிருக்காங்க. நாயைப் பத்தி ஒண்ணுமே கேக்கல. கடிக்குமான்னு மட்டும் கேட்டாங்க."

"நீ என்ன சொன்ன?"

"கடிக்காதுன்னேன். அப்ப யோசிக்கணும்னு வச்சிட்டாங்க."

காந்தலூர்தான் என்று முடிவானது. எப்சிபா வீட்டைக் காலி செய்கிற நாளில், சாமான்களையும் நாயையும் ஒரே ஜீப்பில் ஏற்றிக்கொண்டு, மறையூர் வழியாகப் போய்க் காந்தலூரில் நாயை விட்டுவிட்டு, அப்படியே உடுமலை இறங்கிப் பொள்ளாச்சிக்குப் போவது என்று திட்டம். நிமியே ஓட்டினாள்.

லிஜி வாசலுக்கு வந்து கூட்டிப்போனாள். முற்றம் துடைத்துவிட்டது போல இருந்தது. நாய்க்கு மெத்தை, இரண்டு கிண்ணம், தடுப்பூசிக் குறிப்பேடு, எல்லாம் தயார். எப்சிபா மெத்தையைத் தூக்கி அடியில் பார்த்தாள். கிண்ணத்தை முகர்ந்தாள். வேலியைச் சுற்றி நடந்தாள். சங்கிலி இருக்கிறதா என்று தேடினாள், இல்லை. இரவில் எங்கே படுக்கும் என்று கேட்டாள். வீட்டுக்குள்ளே என்றார் ஜோஸ்.

"முந்தி நாய் இருந்துச்சா?"

"பதிமூணு வருஷம் இருந்தது சேச்சி. அதோ, அந்தப் பிளம்ஸ் மரத்தடியில பொதச்சிருக்கோம்." லிஜிக்குக் கண் நிறைந்தது. எப்சிபா மரத்தடி வரைக்கும் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். கல் இருந்தது. பூச்செடியும் இருந்தது.

குறை சொல்ல ஒன்றும் இல்லை. நாய் லிஜியின் நாற்காலிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. அதன் தலையைத் தடவிய லிஜியின் கை, இடுப்பு வளையத்தை மட்டும் தொடாமல் விலகியது. நிமி அழுதுகொண்டே படம் எடுத்தாள். எப்சிபா, லிஜி கொடுத்த பழச்சாற்றைக் குடித்து முடித்து, டம்ளரைத் தானே கழுவி வைத்தாள். பிறகு நாயின் கயிற்றை எடுத்தாள்.

"ஏ நாயே, வா."

லிஜி எழுந்து நின்றாள். "என்ன சேச்சி? நாங்க ஏதாவது தப்பா..."

"ஒண்ணும் தப்பில்லம்மா. நல்ல வீடு."

அவள் ஜீப்பில் ஏறி, நாயைக் காலடியில் இழுத்துப் போட்டுக்கொண்டு, கதவைச் சாத்தினாள். நிமி அவர்களிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு வர வெகுநேரம் ஆயிற்று. மறையூர் தாண்டி, சின்னாறு செக்போஸ்டில் நின்றபோதுதான் வெடித்தாள்.

"ஒங்களுக்கு என்னதான் வேணும் ஆன்ட்டி? இதவிட நல்ல வீடு கேரளாவிலயே கிடையாது!"

"கெடையாதுதான். அந்தக் கோழிக்கடைக்கு வழி தெரியுமா ஒனக்கு?"

மருதாத்தாளிடம் போனில் வழி கேட்டுக்கொண்டு, பொள்ளாச்சியைத் தாண்டிப் போய்ச் சேர்ந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. தென்னந்தோப்பு ஓரத்தில் தகரக் கொட்டகை. ஜீப்பிலிருந்து இறங்கும்போதே எப்சிபா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். கொட்டகையைச் சுற்றி இறகு. ஒரு நீல டிரம்மில் குடல், அதன் மேல் ஈ. கட்டாத நாய்கள் நான்கு ஆங்காங்கே கிடந்தன. ஒன்றுக்கு மூன்று கால், ஒன்றுக்குக் கண் வெள்ளை பூத்திருந்தது, எல்லாம் கொழுத்திருந்தன. எழுந்து வரக்கூட அலுப்பு அவற்றுக்கு. மருதாத்தாளுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். முழங்கை வரை இரத்தம். அந்தக் கையை இடுப்புத் துணியில் ஒரு இழுப்பு இழுத்துவிட்டு வந்தாள்.

"வாங்க, வாங்க. இதுதானுங்களா? ஏனுங்கக்கா, கடிக்குமுங்களா?"

"கடிக்கும்" என்றாள் எப்சிபா.

"அந்தப் புள்ள கடிக்காதுன்னு சொல்லுச்சுங்களே?"

"அவளக் கடிச்சதில்ல. என்னைய ரெண்டு தடவ கடிச்சிருக்கு, மருந்து போடும்போது."

மருதாத்தாள் சிரித்துக்கொண்டே குந்தி உட்கார்ந்து, நாயின் இடுப்பில் இருந்த வளையத்தை இரத்தம் காயாத கட்டைவிரலால் சுற்றிலும் அழுத்திப் பார்த்தாள். "கம்பிங்களா?"

"கம்பிதான்."

"ம்." அவ்வளவுதான் சொன்னாள். பாவம் என்று சொல்லவில்லை, முகமும் சுளிக்கவில்லை. டிரம்மிலிருந்து ஒரு ஈரலை எடுத்து நீட்டினாள். நாய் எப்சிபாவின் சேலைக்குப் பின்னால் ஒளிந்தது, மூக்கை மட்டும் நீட்டியது, பிறகு போய்ச் சாப்பிட்டது. சாப்பிட்ட இடத்திலேயே அந்தக் கையை நக்கியது. எப்சிபாவுக்கு ஓங்கரித்துக்கொண்டு வந்தது. தோப்புப் பக்கம் ஓடிப்போய், தென்னை மரத்தைப் பிடித்துக்கொண்டு, வயிற்றில் இருந்ததையெல்லாம் எடுத்துவிட்டுத் திரும்பி வந்தாள். கயிற்றை நாயின் கழுத்திலிருந்து அவிழ்த்தாள். வெறுங்கையால்தான் அவிழ்த்தாள். கயிற்றைச் சுருட்டித் தன் பையில் வைத்துக்கொண்டாள்.

"இங்க இருக்கட்டும்" என்றாள்.

நிமிக்கு இன்றுவரை அது ஆறவில்லை. கிழவிக்குக் கிறுக்கு என்று குழுவில் சொன்னாள். பொள்ளாச்சிக்குப் பக்கம் என்பதால், போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று அம்மா நினைத்திருப்பாள் என்றாள் ஞானஜோதி. ஆனால் எப்சிபா ஒரு முறைகூடப் போய்ப் பார்க்கவில்லை. போனிலும் விசாரிக்கவில்லை. மதினிக்கு என் மேல் கோபம், அதைக் காந்தலூர்க்காரர்கள் மேல் காட்டிவிட்டாள் என்று சங்கையா சொன்னதாகவும் கேள்வி.

நாயைக் கொடுக்கும்போது நிரப்ப வேண்டிய படிவம் ஒன்று நிமியின் குழுவில் உண்டு. அன்று ஜீப்பின் முன்பக்கத்தில் வைத்து எப்சிபா அதை நிரப்பினாள். நாயின் நிறம், வயது, தடுப்பூசி தேதி, தழும்பு இருக்கும் இடம், எல்லாவற்றையும் டிஸ்பென்சரி ரெஜிஸ்டரில் எழுதுவது போலக் குண்டு குண்டாக எழுதினாள். பேர் என்ற இடத்தில் நாய் என்று எழுதினாள். கடைசியில், இந்த வீட்டைத் தேர்ந்தெடுத்த காரணம் என்று கேட்டு இரண்டு வரி இடம் விட்டிருந்தது. அதை வாசித்தாள். பேனாவை மூடி நிமியிடம் கொடுத்துவிட்டு, ஜன்னலை இறக்கிக்கொண்டாள்.